சுட்ட கைப் பக்கம்

சாவி வைத்திருந்தாளாம்! என் மருமகள், எதிர்வரிசைக் கட்டடத்தில் தனியாக இருக்கிற ஓர் ஆம்பிளையின் வீட்டுக்குச் சாவி வைத்திருந்தாளாம். பட்டப்பகலில் திறந்துகொண்டு உள்ளே போனாளாம். எங்கள் மொட்டை மாடியில் மஞ்சள் விரிப்பு தொங்கினால் புருஷன் வீட்டில் இல்லை என்று அர்த்தமாம். தெருமுனைக்குத் தெருமுனை அவள் திரும்பிப் பார்த்தது, பின்னால் வருகிறவன் வந்துவிட்டானா என்று பார்க்கத்தானாம். அடேயப்பா! இவ்வளவு கற்பனை உள்ளவர்கள் நடுவில் குடியிருக்கிறோம் என்பது எனக்குத் தெரியாமல் போய்விட்டது.

எனக்கு எழுதத் தெரியாது. நான் சொல்கிறேன், எழுதுகிறவள் எழுதுகிறாள். அழகுபடுத்தாதே, நடந்ததை நடந்தபடி போடு என்று சொல்லியிருக்கிறேன். விரிப்பு தொங்கியது உண்மை. திரும்பிப் பார்த்தது உண்மை. பூட்டில் சாவியைப் போட்டதும் உண்மைதான், நான் ஏன் மறைக்க வேண்டும்? மூன்றும் உண்மை, கதை மட்டும் பொய். அது எப்படி என்று கேளுங்கள்.

சிலருக்குக் கணக்கு வராது. சிலருக்குப் பாட்டு வராது. என் மருமகளுக்குத் திசை வராது. அவ்வளவுதான் அவள்மேல் உள்ள குற்றம். சமைப்பாள், தைப்பாள், பழுதான மின்விசிறியைக் கழற்றி மாட்டுவாள். ஆனால் ஒரு கடைக்குள் போய் வெளியே வந்தால், எந்தப் பக்கத்திலிருந்து வந்தோம் என்பது அவளுக்குத் துடைத்துவிட்டதுபோல் மறந்துபோகும். பழைய ஊரில் அது யாருக்கும் தெரியவில்லை. எங்கள் சந்துக்கு ஒரே வாய். உள்ளே நுழைந்தால் வீடு, வெளியே வந்தால் கடை. தொலைந்துபோகவே இடமில்லை.

என் மகனுக்கு இந்த நகரத்து ரொட்டி ஆலையில் வேலை கிடைத்தது. மூட்டை முடிச்சோடு வந்து இறங்கினோம். வந்து பார்த்தால், தெரு நெடுக ஒரே அச்சில் வார்த்தது போலக் கட்டடங்கள். ஒரே சாம்பல் சுவர், ஒரே பச்சைக் கதவு, ஒரே மாதிரிப் படிக்கட்டு. கட்டியவனுக்கே பாதியில் அலுத்துப்போயிருக்கும். எங்கள் வீடு மூன்றாவது மாடியில். என் முழங்காலுக்கு அது மூன்று மலை. ஏறினேன், அதற்குப் பிறகு இறங்கவே இல்லை.

வந்த வாரத்திலேயே மருமகள் உப்பு வாங்கப் போனாள். பொழுது சாய்ந்தும் வரவில்லை. என் மகன் ஆலையின் ரொட்டி வண்டியை இரவல் வாங்கிக்கொண்டு தெருத்தெருவாகத் தேடிக் கூட்டிவந்தான். உப்புப் பொட்டலத்தை மார்போடு அணைத்துக்கொண்டு படியேறி வந்தாள். முகத்தில் ரத்தமே இல்லை. அன்றிலிருந்து அவள் வாசல்படி தாண்டவில்லை. கடைக்குப் போவதெல்லாம் என் மகன்தான்.

இப்படியே ஓடியிருக்கும். கோடை விடுமுறை வந்தது, பேத்தியின் பள்ளிக்கூடப் பேச்சும் வந்தது. சின்னதுக்கு அப்போது ஆறு வயது. பள்ளிக்கூடம் தொலைவு. நடந்து, பஸ் ஏறி, இறங்கி மறுபடி நடக்க வேண்டும். மகனோ விடியும் முன்னே வேலைக்குப் போகிறவன். ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டே சொன்னான்.

"பள்ளிக்கூடம் தொறந்ததும் பாப்பாவ அக்கா வீட்டுல விட்டுடலாம்மா. அங்க எதிர்லயே பள்ளிக்கூடம். லீவுக்கு லீவு போய்ப் பாத்துக்கலாம்."

அக்கா என்றால் என் பெரிய மகள். பழைய ஊரில்தான் இருக்கிறாள்.

"பெத்தவ இங்க குத்துக்கல்லாட்டம் இருக்கிறப்ப புள்ள எதுக்குடா அங்க?" என்றேன்.

"இவள நம்பி எப்படிம்மா அனுப்புறது? உப்பு வாங்கப் போனவள நான் வண்டியில அள்ளிட்டு வந்தேன். இவ தொலைஞ்சா தேடிக்கலாம். கூட அந்தக் குட்டியும் தொலைஞ்சா?"

அவன் கெட்டவன் இல்லை. அன்றைக்குத் தேடியலைந்த பயம் அவனுக்குள் இன்னும் ஆறவில்லை. மருமகள் சமையலறையில் தட்டு கழுவிக்கொண்டிருந்தாள். கழுவி முடித்த தட்டையே திரும்பத் திரும்பக் கழுவினாள்.

மறுநாள் அவன் வேலைக்குப் போனபின், வெயில் ஏறி வரும் நேரத்தில், செருப்பை எடுத்துத் தூசி தட்டினாள்.

"அத்தை, கீழ வரைக்கும் போய்ட்டு வரேன்."

"கீழ என்ன இருக்கு?"

"ஒண்ணுமில்ல. அதனாலதான் அங்க இருந்து ஆரம்பிக்கிறேன்." கதவுப் பிடியைப் பிடித்தபடியே நின்றாள். "அவர்கிட்ட சொல்லாதீங்க. பாதியில தோத்துட்டா, உப்போட இதையும் சேத்து சொல்லிக் காட்டுவாரு."

"நான் எதுக்குச் சொல்றேன்? நான் என்ன ரேடியோவா?"

ரேடியோ என்பது மேல்மாடிக்காரிக்கு நாங்கள் வைத்த பேர். நல்ல மனசுக்காரி. காய்ச்சல் என்றால் கஞ்சி கொண்டு வருவாள். ஆனால் காலையில் அவள் காதில் விழுந்தது மத்தியானத்துக்குள் கடைசிக் கட்டடம் வரைக்கும் போய்ச் சேர்ந்துவிடும்.

அப்படித்தான் ஆரம்பித்தது. படிக்கட்டுத் திருப்பத்தில் தெருவைப் பார்த்த ஜன்னல் ஒன்று உண்டு. அங்கே ஒரு முக்காலி போட்டு, சின்னதை மடியில் வைத்துக்கொண்டு நான் உட்கார்ந்துகொள்வேன். முதல்நாள் வாசல் வரை போனாள். கேட்டுக்கு வெளியே ஐஸ் வண்டி நின்றது. சின்னதுக்கும் எனக்குமாக இரண்டு குச்சி ஐஸ் வாங்கி, கரையாமலிருக்க டம்ளருக்குள் நட்டு எடுத்துக்கொண்டு மூச்சிரைக்க ஓடிவந்தாள். பாதி கரைந்துதான் வந்தது. இந்த நகரத்தில் நான் முதல்முதலாகச் சந்தோஷமாக வாயில் வைத்தது அந்த ஆரஞ்சுத் தண்ணீரைத்தான்.

வலது, இடது என்று சொன்னால் அவளுக்கு ஒரு நொடி கண்ணைக் கட்டும். வலது மணிக்கட்டில் இஸ்திரிப் பெட்டி சுட்ட தழும்பு உண்டு. அதைத் தொட்டுப் பார்த்துக்கொள்வாள். சுட்ட கைப் பக்கம், சுடாத கைப் பக்கம் என்று வைத்துக்கொண்டால் குழப்பமில்லை. தழும்பு இடம் மாறாது. பால் கடை சுட்ட கைப் பக்கம். அதைத் தாண்டித் தெருமுனையில் திரும்பினால் பஸ் நிற்குமிடம் சுடாத கைப் பக்கம். சின்னதும் அதையே பிடித்துக்கொண்டது. "பாட்டி, உங்க கண்ணாடி சுட்ட கைப் பக்கம் இருக்கு" என்று சொல்லும்.

போவதெல்லாம் சரியாகத்தான் போனாள். திரும்பி வரும்போதுதான் எல்லாம் தலைகீழானது.

"போறப்ப பாத்த தெரு வேற, வர்றப்ப பாக்கிற தெரு வேறயா இருக்கு அத்தை. அதே கடைதான், ஆனா முகத்தத் திருப்பிட்டு நிக்குது."

"அப்ப போறப்பவே கொஞ்சம் திரும்பிப் பாத்துக்கோயேன்."

அதுதான் அந்தத் திரும்பிப் பார்த்தல். ஒவ்வொரு முனையிலும் நிற்பாள். திரும்பி, வரும்போது இந்த இடம் எப்படித் தெரியும் என்று பார்த்து மனதில் வைத்துக்கொண்டு நடப்பாள். வேடிக்கை பார்க்கிறவர்களுக்கு அது வேறு மாதிரித் தெரிந்தால் அவள் என்ன செய்வாள்?

விரிப்பு என் யோசனை. எல்லாக் கட்டடமும் ஒன்றுபோல் இருப்பதால் தூரத்திலிருந்து எங்களுடையது எது என்று தெரியவில்லை. நீலப் பூப்போட்ட மஞ்சள் படுக்கை விரிப்பு ஒன்று என்னிடம் இருந்தது. அந்த நிறத்தை என் மகன் கண்ணுக்கு வலி என்பான். அதை மொட்டை மாடியில் தெருப்பக்கக் கொடியில் தொங்கவிட்டுவிட்டுப் போவாள், வந்ததும் எடுத்துவிடுவாள். புருஷன் வீட்டிலிருக்கும் நேரத்தில் அவள் வெளியே போகமாட்டாள், அதனால் அது தொங்காது. இதற்குத்தான் ஊர் அர்த்தம் கண்டுபிடித்தது.

அந்தக் கோடையில் அவள் எங்கெங்கே போனாள் தெரியுமா? பூங்காவில் ஒரு நீரூற்று இருக்கிறதாம், பிள்ளைகள் நடுவில் புகுந்து நனையலாமாம். அதைக் கண்டுபிடித்துவிட்டு வந்து, அடுத்த தடவை சின்னதையும் கூட்டிக்கொண்டு போனாள். இரண்டும் சொட்டச் சொட்ட வந்து நின்றன. படியெல்லாம் ஈரம். "நீ எதுக்குடி நனைஞ்ச?" என்றால், "அவ கையை விட்டா எங்க போவாளோன்னு கூடவே நின்னேன்" என்கிறாள். முகத்தைப் பார்த்தால் கையை விடாமலிருக்க நின்றவள் மாதிரித் தெரியவில்லை.

பெரிய கடை ஒன்றில் தானாக நகரும் படிக்கட்டாம். காலை வைக்கப் பயந்து ஓரமாக நின்றிருக்கிறாள். பின்னால் ஒரு குண்டம்மா, "ஏறும்மா, அது கடிக்காது. எனக்கும் கால் வலிக்குது" என்று முதுகில் கைவைத்துத் தள்ளியிருக்கிறாள். மேலே போய்விட்டாள். இறங்கும் படி கடையின் அந்தக் கோடியில் இருப்பது தெரியாமல், மேலேயே சுற்றிச் சுற்றி, கட்டில் மெத்தை விற்கிற இடத்தில் வந்து மாட்டிக்கொண்டாள். விற்கிறவன், "உக்காந்து பாருங்க, வாங்கணும்னு இல்ல" என்றிருக்கிறான். உட்கார்ந்திருக்கிறாள். குளிர்ச்சியான காற்று, மெத்தையோ மேகம் மாதிரி. "ரெண்டு நிமிஷம் பயமே வரல அத்தை" என்று என் காதில் சொன்னாள், ஏதோ திருடிவிட்டு வந்தவள் மாதிரி.

பஸ்ஸிலும் ஏறினாள். பள்ளிக்கூடத்து நிறுத்தம் எது என்று பார்க்கத்தான் ஏறினாள். கூட்டத்தில் தாண்டிப் போய்விட்டது. கடைசி நிறுத்தம் வரை போயிற்று.

"இறங்குங்கம்மா, இதுக்கு மேல ரோடே இல்ல" என்றாராம் ஓட்டுநர்.

"நான் இறங்கல. இதே வண்டியிலதானே திரும்பிப் போவீங்க?"

"காத்து வாங்க வந்தீங்களா?"

"ஆமா."

அங்கே ஒரு ஏரி. ஓட்டுநர் தேநீர் குடித்து முடிக்கும்வரை ஜன்னலோரம் உட்கார்ந்து அந்தக் காற்றையே வாங்கிக்கொண்டு திரும்பினாள். வரும் வழியில் பள்ளிக்கூடத்து மணிக்கூண்டு சுட்ட கைப் பக்கம் தெரிந்தது.

அவள் இதையெல்லாம் சிரித்துச் சிரித்துச் சொல்வாள். கேட்கும்போது நானும் சிரிப்பேன். அவள் வரும்வரை நான் இருந்த இருப்பு எனக்குத்தானே தெரியும்? அந்த ஜன்னல் கம்பியைப் பிடித்துப் பிடித்து என் உள்ளங்கை துருவேறிப் போயிருந்தது. வராமல் போனால் யாரிடம் சொல்வேன்? எப்படி இறங்குவேன்? மகனிடம் என்ன பதில் சொல்வேன்?

அப்படி ஒருநாள் வந்தது. சரியான வெயில். திடீரென்று வானம் மங்கியது, புழுதிக்காற்று கிளம்பியது. எதிர்க் கட்டடமே தெரியவில்லை. நான் ஜன்னலைச் சாத்தவும் முடியாமல் திறக்கவும் முடியாமல், சின்னதின் முகத்தை என் தோளில் பொத்திக்கொண்டு நின்றேன்.

காற்று அடித்தால் குடும்பம் நடத்துகிறவள் என்ன செய்வாள்? மாடிக்கு ஓடுவாள். ரேடியோ ஓடினாள். கொடியில் கிடந்த துணி எல்லாவற்றையும், தன்னுடையது பிறத்தியாருடையது என்று பார்க்காமல் வாரிச் சுருட்டினாள். எங்கள் விரிப்பையும்தான். நல்ல எண்ணத்தோடு செய்த காரியம். என் மருமகள் அந்த நேரம் தெருக்கோடியில் கண்ணைக் கசக்கிக்கொண்டு மேலே பார்க்கிறாள். மஞ்சளைக் காணோம்.

இதுவாக இருக்கும் என்று ஒரு கட்டடத்துக்குள் நுழைந்தாள். மூன்று மாடி ஏறினாள். பச்சைக் கதவு. சாவியைப் போட்டாள். சாவி நுழைந்தது, திரும்பவில்லை. புழுதியில் பூட்டு மக்கர் செய்கிறது என்று நினைத்து மல்லுக்கட்டினாள். கதவு உள்ளிருந்து திறந்தது.

அந்த வீட்டில் இருந்தவர் பூட்டு பழுதுபார்க்கிறவர். வயசானவர், தனிக்கட்டை.

"யாரும்மா நீ? ஊர் பூட்டையெல்லாம் திறக்கிறவன் நானு. என் பூட்டையே திறக்கிறியா?"

"இது என் வீடு."

"உன் வீடுன்னா நான் யாரு?"

அவள் அப்படியே நிலைப்படியில் உட்கார்ந்துவிட்டாள். வெளியே புழுதி சுழன்றடித்தது. உள்ளே வந்து தண்ணீர் குடி என்றார். குடித்தாள், முகம் கழுவினாள். காற்று அடங்கியதும் அவர் கதவுக்கு வெளியே நடைக்கு வந்து, எங்கள் கட்டடத்தைக் கைகாட்டி அனுப்பினார். நடந்தது இவ்வளவுதான்.

ஆனால் எங்கள் மொட்டை மாடியிலிருந்து பார்த்தால் எதிர்வரிசை நடை எல்லாம் திறந்து கிடக்கும். ரேடியோ அங்கே படிக்கதவு மறைவில் ஒதுங்கி நின்றிருக்கிறாள். புழுதி விட்டு விட்டு விலகியபோதெல்லாம், மருமகள் பூட்டில் சாவி போடுவதையும், கதவு திறப்பதையும், உள்ளே போவதையும், ஈர முகத்தோடு வெளியே வருவதையும் பார்த்திருக்கிறாள். பார்க்கும்போது எங்கள் மஞ்சள் விரிப்பு அவள் தோளில்தான் கிடந்தது. அதை நினைத்தால் எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை.

சாயங்காலம் மடித்த விரிப்போடு வந்தாள்.

"உங்க விரிப்பு பாட்டிம்மா. விட்டிருந்தா பறந்தே போயிருக்கும்." குரலைத் தாழ்த்தினாள். "மருமக வந்தாச்சா?"

"வந்தாச்சு."

"இல்ல... ரொம்ப நேரமா காணோமேன்னு கேட்டேன்."

அந்த 'இல்ல'வில் ஒரு முழுக் கதை இருந்தது. உண்மை என் நாக்கு நுனி வரை வந்தது. சொன்னால் அது அன்றைக்கே ஆலைக்குப் போய்விடும், ரேடியோவின் புருஷனுக்கும் அங்கேதான் வேலை. சொல்லாவிட்டால் பொய் போகும். வாக்குக் கொடுத்துவிட்டேன். வாயை மூடிக்கொண்டேன். வாழ்நாளில் நான் பட்ட கஷ்டங்களில் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மருமகள் அதற்குப் பிறகு செருப்பைத் தொடவில்லை. பள்ளிக்கூடம் திறக்கும் நாள் நெருங்கிக்கொண்டே வந்தது. சின்னது, "ஊத்துக்குப் போலாம்மா" என்று காலைக் கட்டிக்கொண்டு அழும். இவள் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பாள். பெரிய மகள் வீட்டில் குழந்தைக்குத் தனிக் கட்டில் வாங்கியாயிற்று என்று சேதி வந்தது. அந்தக் கட்டில்தான் அவளை எழுப்பியது என்று நினைக்கிறேன். மறுநாள் காலை எழுந்து செருப்பைப் போட்டாள்.

"விரிப்ப நம்பினது தப்பு அத்தை. அத யார் வேணா எடுக்கலாம். யாராலயும் எடுக்க முடியாதது ஏதாவது இருக்கணும்."

கீழே போய் எதிரே நின்று எங்கள் கட்டடத்தை வெகுநேரம் பார்த்தாள். வழியில் போனவர்கள் அவளைப் பார்த்தார்கள். மேலே வந்தபோது முகம் தெளிந்திருந்தது.

"நம்ம தண்ணிக் குழாய் மட்டும் ரெண்டாவது மாடிகிட்ட முழங்கை மாதிரி மடங்கியிருக்கு. வேற எதுலயும் அப்படி இல்ல."

மறுபடி போனாள், பஸ் ஏறினாள், வந்தாள். பள்ளிக்கூட வாசல் வரை போய் அதன் இரும்புக் கேட்டைத் தொட்டுவிட்டு வந்தாள். மறுநாளும் தொட்டுவிட்டு வந்தாள்.

பள்ளிக்கூடம் திறப்பதற்கு முந்தின நாள், மகன் மத்தியானமே வந்துவிட்டான். தலைமுடியெல்லாம் மாவு. உட்காரவில்லை. ஆலையில் ரேடியோவின் புருஷன் ஆறுதல் சொல்கிறவன் மாதிரி எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறான்.

"யார் வீட்டுச் சாவி?" என்றான்.

அவள் இடுப்பிலிருந்து எடுத்து நீட்டினாள். "நம்ம வீட்டுச் சாவி."

"தெருவெல்லாம் என்ன பேசுறாங்க தெரியுமா?"

"தெரியாது. நான் தெருவுல வழி பாத்துட்டு நடக்கிறேன். பேச்ச எங்க கேக்குறது?" என்றாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். "சொல்லிடுங்க அத்தை."

அப்பாடா என்று நான் கொட்டித் தீர்த்தேன். ஐஸ், ஊற்று, மெத்தை, ஏரி, புழுதி, பூட்டுக்காரர் எல்லாம். நடுநடுவே சின்னது வேறு, "சுட்ட கைப் பக்கம்ப்பா!" என்று திருத்திக்கொண்டே இருந்தது. அவன் கேட்டுக்கொண்டே மெதுவாகத் தரையில் உட்கார்ந்தான். அவள் மணிக்கட்டையே பார்த்தான்.

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா கூட வருவீங்க. கூட வந்தா நான் உங்களப் பாத்துட்டுத்தான் நடப்பேன். ரோட்ட பாக்க மாட்டேன்."

அவன் தலையில் ஒட்டியிருந்த மாவைத் தட்டிக்கொண்டே சொன்னான். "பாப்பாவக் கூட்டிட்டுப் போக அக்கா வண்டி ஏறிட்டா. நாளைக்கு மத்தியானம் வந்துடுவா. வரட்டும். நீ பாப்பாவ விட்டுட்டு வந்து, சாயங்காலம் திரும்பக் கூட்டிட்டும் வந்துட்டன்னா, அக்கா ரெண்டு நாள் இருந்து சாப்பிட்டுட்டுப் போகட்டும். இல்லைன்னா..."

"சரி" என்றாள் அவள்.

மறுநாள் அவன் வழக்கம்போல விடியும் முன்னே போனான். போகும்போது தூங்குகிற குழந்தையின் காலைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனான். மருமகள் சின்னதுக்குத் தலைவாரினாள். கோணல் வகிடு விழுந்தது, கலைத்தாள், மறுபடி வாரினாள்.

"விரிப்பு எங்கம்மா?" என்றது சின்னது.

"வேணாம். அது அழுக்கா இருக்கு, துவைக்கணும்."

வேண்டாம் என்றால் நான் கேட்டுவிடுவேனா? அவள் செருப்பு மாட்டிக்கொண்டிருக்கும்போதே, படிக்கட்டில் நின்று மேலே பார்த்துக் குரல் கொடுத்தேன். ரேடியோ எட்டிப் பார்த்தாள். விரிப்பைச் சுருட்டி மேலே எறிந்தேன்.

"இத தெருப்பக்கம் கட்டு. சாயங்காலம் வரைக்கும் புயலே அடிச்சாலும் அவுக்கக் கூடாது. எதுக்குன்னு அப்புறம் வா, சொல்றேன். அத வேணா எல்லாருக்கும் சொல்லு."

மருமகளுக்குக் கோபமும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. "உங்க பிடிவாதம் இருக்கே அத்தை..." என்றாள். சின்னதின் கையைப் பிடித்தாள். மறு கையில் பள்ளிக்கூடப் பை, தழும்பைத் தொடக்கூட முடியாது. தழும்பு இருந்த கையைத்தான் குழந்தை பிடித்துக்கொண்டிருந்தது.

"முதல்ல எந்தப் பக்கம்?" என்று கேட்டாள்.

சின்னது அந்தச் சுட்ட மணிக்கட்டைத் தூக்கிக் காட்டியது.

நான் முக்காலியில் உட்கார்ந்தேன். இருவரும் கேட்டைத் தாண்டினார்கள். ஐஸ் வண்டி இன்னும் வரவில்லை. பால் கடை தாண்டினார்கள். தெருமுனை வந்தது. கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அவள் நிற்பாள், திரும்புவாள் என்று பார்த்தேன். நிற்கவில்லை. சின்னதுதான் திரும்பிப் பார்த்தது. என் ஜன்னலைப் பார்த்து ஒரு தடவை கையாட்டிவிட்டு, பிறகு அம்மாவின் நடைக்கு ஓடிச் சேர்ந்துகொண்டது.